நாற்றங்காலில் கூட்டம்

சனிக்கிழமையானால் கானா நாட்டுக் குமாசி நகரப் பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர் ஓஃபோரியின் ஆலோசனை அறை காற்றாடும். மரம் வெட்டி மொட்டையான காட்டில் நடுவதற்காக அவர் மனைவி செர்வா மரக்கன்று வளர்க்கும் நாற்றங்காலில்தான் பெண்கள் கூட்டம். பையில் மண் நிரப்பியபடி மணிக்கணக்கில் குசுகுசுப்பு. பாஸ்டருக்கு வயிறு எரிந்தது.

‘மேய்ப்பன் நானா, அவளா?’ என்று பொருமியவர், ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லியேவிட்டார்: “மனக்கஷ்டம் இருக்கிறவங்க என்கிட்ட வாங்க. நாற்றங்கால்ல கன்னு மட்டும் வளரட்டும்.”

அடுத்த சனிக்கிழமை நாற்றங்கால் வெறிச்சோடியது. அவருடைய அறைக்கு வந்தவள் மீன் விற்கும் மான்சா ஒருத்திதான்.

“உட்காரும்மா. உன் கஷ்டத்தைச் சொல்லு,” என்றார் உற்சாகமாக.

மான்சா உட்காரவில்லை.

“எனக்கென்ன கஷ்டம், பாஸ்டர்? நாங்க யாரும் அங்க எங்க கஷ்டத்தைச் சொல்லப் போகல. செர்வா அம்மாதான் சொல்லி அழுவாங்க, நாங்க கேட்டுக்கிட்டிருப்போம். இன்னைக்கு அவங்க தனியா இருக்காங்க. நீங்க போய்க் கேளுங்க.”