அரை மணி நேரப் பயணம்

"திருச்சியிலிருந்து மதுரைக்கு எழுபத்தைந்து மைல். விமானத்தில் அரை மணி நேரம்தான். திங்கட்கிழமை ஏறினால் செவ்வாய்க்கிழமை மலையேறி, கூக்காலில் உன் வீட்டில் இருப்பேன்" என்று அக்கா அழகம்மாளுக்கு வேலுமணி எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவள் மகளின் முகூர்த்த நேரமே வந்துவிட்டது. ஆளைக் காணோம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. அழகம்மாள் பந்தலுக்கும் பாதைக்குமாக அலைந்தாள்.

கடைசி நிமிடத்தில் வேலுமணி நொண்டிக்கொண்டே வந்தான். தலை மொட்டை. காலில் செருப்பு இல்லை. கூடவே இன்னொரு மொட்டைத் தலை ஆசாமியும் நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஏலே, உன் அரை மணி நேரத்துக்கு அஞ்சு நாளா?"

"பிளேன் அரை மணி நேரந்தான்க்கா. நடுவானத்துல அப்படித் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. உசிரோட எறங்கினா, எறங்குன எடத்திலிருந்தே பழனிக்கு நடந்து வந்து மொட்டை போடுறேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

"நல்லா வேண்டினே போ! வெரசா வந்து மாலையைப் போடு."

மற்றவரின் கொப்புளம் வெடித்த கால்களைப் பார்த்ததும் அழகம்மாளுக்கு மனம் இளகியது.

"பாவம், இவரும் உங்கூட பிளேன்ல வந்தவரா?"

"ஆமாக்கா. இவருதான் அதை ஓட்டிட்டு வந்தவரு."