படுக்காத பாதி

கூண்டு சின்னது, கோழிகளோ பெருகிவிட்டன. அவை அடையக் குறுக்குச்சட்டம் வாங்க வழியில்லாமல், தெய்வானை இரட்டைக் கட்டிலின் நடுவே ரம்பத்தை வைத்தாள்.

"ஏக்கா, போன மனுசன் திரும்பி வந்தா எங்க படுப்பாராம்?" என்று பக்கத்து வீட்டுக் கோமதி வேலிக்கு மேலாக எட்டிக் கேட்டாள்.

"வந்தா கூண்டுல படுக்கட்டும். உனக்கென்னடி?"

அவன் படுத்த பக்கத்துச் சட்டங்களை அறுத்து, கூண்டுக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாய்க் குறுக்கே அடித்தாள். பொழுது சாய்ந்ததும் கோழிகள் ஏறின. எல்லாவற்றுக்கும் உச்சிச் சட்டத்தின்மேல்தான் ஆசை. ஒன்றையொன்று கொத்தி, இறக்கையால் இடித்துத் தள்ளின.

"கொஞ்சம் தள்ளிப் படு" என்று அதட்டினாள்.

சொன்ன பிறகுதான், அது கட்டிலில் சொல்லும் பேச்சு என்று உறைத்தது. கம்பிவலையைப் பிடித்தபடி நின்று, அதையே இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.