இடது பக்கத்துக் கனம்

அக்கா மகள் கல்யாணப் பந்தலிலேயே கணவர் தனுஷ்கோடி பூக்காரியிடம் பேரம் பேசி மானத்தை வாங்கியதற்காக, "இனி உங்க கார்ல ஏறமாட்டேன்" என்று அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள் செல்வக்கனி. தனுஷ்கோடி அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் கார் கடகடவென்று முனகியது. சக்கரத்தைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டனவென்று புதிது மாட்டினார் மெக்கானிக் யாக்கோபு.

"வண்டி தரையில நிக்கணும் அண்ணாச்சி. ஆள் கனம் உள்ள இருக்கணும். அப்பத்தான் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு. இல்லேன்னா ரப்பர் கிழிஞ்சிரும். வழக்கமா யாரு உக்காருவா?"

தனுஷ்கோடி போனை எடுத்தார். "நீ ஏறமாட்டேன்னது ஓடுற காருக்கு. இது நிக்கிற காரு. சும்மா வந்து உக்காரு."

பட்டறைக்கு வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தாள். யாக்கோபு ஸ்பானரோடு அடியில் நுழைந்தார். அப்போதுதான் சுவரோரம் அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் அவள் கண்ணில் பட்டன.

"இதுக்குன்னே மூட்டை வச்சிருக்காரே?"

"வச்சிருக்காரு. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏனாம்?"

"மூட்டை என்னைய ஏசாதுல்ல."

அவள் சிரிப்பை அடக்கியதில் கார் லேசாகக் குலுங்கியது. "ஆடாதீங்கம்மா" என்றது அடியிலிருந்து குரல். கொஞ்ச நேரத்தில் யாக்கோபு வெளியே வந்து கையைத் துடைத்தார். "முடிஞ்சுது, எறங்கலாம்."

செல்வக்கனி கதவைத் தொடவில்லை.

"நல்லா முறுக்குனீங்களா அண்ணே? எனக்கென்னமோ சந்தேகமாத்தான் இருக்கு. இன்னொரு தடவை பாத்துருங்க."