மூன்றாவது இருமல்

முதல் சரணத்தின் உச்சியில் றொசாந்தி இருமினாள். சின்ன இருமல் இல்லை. எண்ணூறு வருஷத்து மடாலயத் தேவாலயம், தூண் தூணாக அதைத் திருப்பிச் சொன்னது.

தற்செயல் என்றுதான் அஜித்தா நினைத்தாள்.

மன்னாரிலிருந்து வந்த பாடகர் குழுவுக்கு இந்த இடத்தை எடுத்துக் கொடுக்க எட்டு மாதம் கடிதம் எழுதியவள் அவள். போன் அடிக்கக் கூடாது, பிள்ளை அழக் கூடாது, பை சரசரக்கக் கூடாது என்று, பஸ்ஸில் அடுத்த தரிப்பைச் சொல்லும் பெண்குரலில், வாசல் பொறுப்பிலிருந்த வெள்ளைக்கார அம்மா மூன்று தரம் ஒப்பித்திருந்தாள். இருமலை மட்டும் மறந்துவிட்டாள்.

இரண்டாம் சரணம். மன்னார்க் குழுவின் எழுபது வயது செபமாலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு மேலே மேலே போனார். அதே உச்சி வந்தது. அதே இருமலும் வந்தது.

அஜித்தாவுக்கு விளங்கிவிட்டது. இங்கே, கோலியர்ஸ் வுட் கோயிலில், பெரிய வெள்ளிக்கு இந்தப் பாட்டை வருஷா வருஷம் பாடுகிறவள் றொசாந்தி. இந்த முறை அது வந்தவரிடம் போய்விட்டது. வயிற்றெரிச்சல், வேறென்ன?

நுனிக்காலில் போய், கையைப் பிடித்து, வாசலுக்கு வெளியே இழுத்து வந்தாள்.

"பாட்டுப் போச்சுதெண்டு இருமிறியோ? காசநோய்க்காரி தோத்துப் போவாள்."

றொசாந்தி சண்டைக்கு வரவில்லை. காதை உள்ளே வைத்துக்கொண்டே சொன்னாள். செபமாலைமுத்து தங்கியிருப்பது அவள் வீட்டில்தான். வந்த அன்றே குளிர் பிடித்துவிட்டது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தும் சரிவரவில்லை. காலையில் பாடிப் பார்த்தபோது, அந்த உச்சியில் மட்டும் குரல் உடைந்து போனது. மனிசன் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். ஊரில் அவருடைய பங்குச் சனம் முழுக்கக் கோயிலில் திரை கட்டி, நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப குழுவுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாட்டை என்னட்டத் தந்திருப்பினம், அக்கா. அதுக்கோ அவர் இவ்வளவு தூரம் வந்தவர்?"

அஜித்தா பிடித்திருந்த கையை விட்டாள்.

உள்ளே மூன்றாம் சரணம் ஏறத் தொடங்கியிருந்தது. றொசாந்தி கதவுக்குப் பாய்ந்தாள். வெள்ளைக்கார அம்மா குறுக்கே நின்றாள். இருமுகிறவர்கள் பாட்டு முடியும்வரை வெளியில் நிற்க வேண்டும் என்று அதே பஸ் குரலில் சொன்னாள். ஏற்பாட்டாளர் அஜித்தா மட்டும் போகலாம்.

அஜித்தா தனியாக உள்ளே போய், கடைசி வாங்கு இருக்கையின் ஓரத்தில் நின்றாள். அடுத்த வருஷத்துக்கு இந்த இடத்தைக் கேட்கும் கடிதம் அவளுடைய கைப்பையில் இருந்தது.

செபமாலைமுத்து கண்ணை மூடினார். உச்சி வந்தது.

மன்னார் வரைக்கும் கேட்கிற மாதிரி இருமினாள் அஜித்தா.