சரியாத்தான் இருக்கு மேடம்

தென்காசி அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையில் சிரிப்பு சட்டென்று அடங்குகிறது. டிபன் டப்பாவோடு வாசலில் நிற்கிறாள் ஷமீம் பானு. போன வாரம்தான் கண்காணிப்பாளர் ஆனவள். "உள்ள வாங்க மேடம்," என்று எழுந்து நிற்கிறாள் பதினோரு வருடத் தோழி முத்துவடிவு. போன மாதம்கூட "ஏட்டி பானு, என்னட்டி குழம்பு?" என்று இவள் டப்பாவுக்குள் கையை விட்டவள். ஜன்னல் கம்பியில் சாரல் சொட்டுகிறது. பானு மீன் குழம்பை நடுவே நகர்த்துகிறாள்; ஒரு கையும் நீளவில்லை. "நான் போட்ட டூட்டி லிஸ்ட்ல தப்பு ஏதும் இருக்கா, வடிவு?" "எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்." மற்ற தலைகளும் ஆடுகின்றன. எதிர்ச்சுவரில் அந்த லிஸ்ட் காற்றில் படபடக்கிறது. சோற்றைப் பிசைந்தபடி பானு நிமிர்ந்து வாசிக்கிறாள். நாளைக் காலை எட்டு மணிக்கு முத்துவடிவுக்குக் குற்றாலத்திலும் டூட்டி, மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் திருவேங்கடத்திலும் டூட்டி.