மரியாதையான குரல்

“வாங்கும்போது இனிச்சுது, கட்டும்போது கசக்குதா ஒனக்கு?” என்றான், கடன் வசூலுக்குத் தினமும் போன் செய்கிறவன். ஒரு மாதமாக இதே ஒருமைதான். இன்று ரெஜினா, வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி சொன்னாள்: “எல்லாம் ரெக்கார்டு ஆகுது. மரியாதையில்லாம பேசுனா சட்டப்படி குத்தம்.”

உடனே மறுமுனைக் குரலில் தேன் வடிந்தது.

“மன்னிச்சுக்கங்க மேடம். நீங்க சொல்றது சரிதாங்க.”

ஜெயித்துவிட்டோம் என்று அவள் மூச்சுவிடுவதற்குள் அவன் கேட்டான்: “உங்க பாப்பா ஜெனி, நாலரைக்கு ஸ்கூல் விட்டுத் தனியாத்தான் நடந்து வருவாங்க, இல்லீங்களா?”

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘வருவாங்க’. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை.

மணி ஐந்து. வாசலில் ஜெனியின் ஷூ இல்லை.