இரண்டு மூச்சு நேரம்

நகரத்து வீடுகளில் பேச்சுத்துணையாக இருந்த குரல்கள் எல்லாம் ஒரே பெரிய சர்வரிலிருந்துதான் வந்தன. அதில் கணக்குப் போடும் மூளைகளான கோர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், ஒன்று வேலையை முடிக்கட்டும் என்று மற்றவை காத்துக் கிடந்தன. அதனால் குரல் பதில் சொல்ல இரண்டு மூச்சு நேரம் பிடிக்கும். அங்கே பொறியாளராக இருந்த பூங்கோதைதான் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திருத்தி அந்தக் காத்திருப்பை ஒழித்தாள். இப்போது பேசி வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

மிச்சக் கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். தம்பி பரிதி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத் திக்குவாய். வெளியாட்களிடம் பேசவே மாட்டான். ஆனால் சமைக்கும்போது வீட்டுக் குரலோடு ஓயாமல் பேசுவான். இன்று அதை அணைத்து வைத்திருந்தான்.

"ஏன்டா ஆஃப் பண்ணிட்ட? இப்பதானே நல்லா வேகமாயிருக்கு!"

"அ... அது என்னை மு... மு..."

"முட்டாள்னு சொல்லிடுச்சா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான். "பே... பேசி மு..."

"பேசி முடிக்க விட மாட்டேங்குதா?" என்று முந்திக்கொண்டாள்.

பரிதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அவள் அடுத்து ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டாள். அவன் நிதானமாகச் சொன்னான்.

"அ... அதுவும் இப்ப... உ... உன்னை மாதிரி ஆயிடுச்சுக்கா."